சடுகுடு : களத்திலிருந்து கழகம் வரை

இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு மலரில் சடுகுடுவுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். சடுகுடு பாடி ஆடும் ஆட்டம் என்பதே என் விடை. எதிரணியின் எல்லைக்குள் புகுபவன் வாயில் பாட்டு இருக்க வேண்டும். மூச்சு அறுந்து பாட்டு நின்றால் அவன் ஆட்டத்திலிருந்து நீங்க வேண்டும். 'அடுத்து யார் பாடப் போவது?' என்றுதான் களத்தில் கேட்பார்களேயன்றி, 'யார் பிடிக்கப் போவது?' என்று கேட்பதில்லை. பாட்டையே உயிராகக் கொண்ட விளையாட்டு தமிழ் பயில்வார்க்குப் புறம்பானதன்று.

இதை எழுதத் தூண்டிய காரணம் மற்றொன்றும் உண்டு. நம் வட்டாரத்தின் பெயரை உலகறியச் செய்தவை வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகள். அவற்றுக்கு எழுதப்பட்ட வரலாறு உண்டு. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்திருந்த ஊரார், அவற்றைச் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்துவதைப் பொறாமல் கலெக்டரிடம் முறையிட்டனர். அந்நாளில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்தில் வழங்கினார். 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936இல் அவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊரார் எழுத்தைக் கேட்டுப் பெற்றமையால்தான் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இச்செய்தி இன்று நமக்குக் கிடைக்கின்றது. அதே ஏரிகளின் உள்வாயில், கோடையில் நீர் வற்றியபின் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி அப்படி ஏதும் கேட்டுப் பெறுவாரில்லை. ஊர்தோறும் சடுகுடுக் குழுக்கள் இருந்தன, இன்றும் உள்ளன. தம் வரலாற்றைத் தாமே எழுதி வைக்கும் வழக்கந்தான் அவற்றிடம் வேரூன்றவில்லை.

'கழகம்' என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒன்று கூறலாம். இன்று விளையாட்டுக் கழகம் என்று நாம் எழுதுவது புத்தாக்கம் போலத் தோன்றினும், விளையாட்டுக்கும் கழகத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. திருவள்ளுவர் சூது அதிகாரத்தில் கழகம் என்று குறிப்பது சூதாடும் இடத்தை. கூடி ஆடும் இடமாக இருந்தது பின்னர்க் கூடிக் கற்கும் இடமாகவும், கூடிச் செயலாற்றும் அமைப்பாகவும் பொருள் விரிந்தது. களம் என்பது வேறு. நெல் அடிக்கும் இடமும், போர் புரியும் இடமும், பிள்ளைகள் ஆடும் இடமும் தமிழில் களமே. களத்தில் ஆடியது கழகத்துக்கு வந்த கதையே சடுகுடுவின் வரலாறு.

பழைய ஆட்டம்

சடுகுடுவுக்கு ஊருக்கொரு பெயர் உண்டு. பலிஞ்சடுகுடு என்பது தமிழ்நாட்டில் வழங்கிய மற்றொரு பெயர். ஆந்திரத்தில் செடுகுடு, மராட்டியத்தில் ஹுதுது, வங்கத்தில் ஹாடுடு, இலங்கைச் சிங்களவரிடையே குடு. ஆடுவோர் மூச்சுவிடாமல் உச்சரிக்கும் ஒலியே பெரும்பாலும் பெயராகியுள்ளது. 'கபடி' என்பது தமிழின் 'கைப்பிடி'யே என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். கேட்பதற்கு இனிமையாக இருப்பினும், ஒலி ஒத்திருத்தல் மட்டுமே சொல்லாராய்ச்சியாகாது. தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்றே ஒரு நூல் எழுதி, நம் ஆட்டங்களை இடமும் முறையும் காட்டி வகைப்படுத்தியுள்ளார். ஓர் ஆட்டத்தின் பெருமை அதன் வேர்ச்சொல்லில் மட்டும் இல்லை என்பதற்கு அவ்வகைப்பாடே சான்று.

ஊர்ப்பிள்ளைகள் ஆடிய முறையில் இரண்டு கூறுகள் ஊன்றிப் பார்க்கத்தக்கவை. ஒன்று உத்தி பிரித்தல். ஏறத்தாழ ஒத்த வலிமையுடைய இருவர் தோளோடு தோள் சேர்ந்து ஒதுங்கிப் போய்த் தமக்குள் புனைபெயர் வைத்துக்கொண்டு வருவர். ஒருவன் வானத்தில் ஏதோ ஒன்று, மற்றவன் பூமியில் ஏதோ ஒன்று. எது வேண்டும் என்று தலைவர்களைக் கேட்பர். தலைவன் பெயரைக் கேட்டுத் தேர்வானேயன்றி ஆளைத் தேர்தல் இயலாது. இதனால் இரு பக்கமும் வலிமை சமமாயிற்று. நேற்று உன்னோடு நின்றவன் இன்று எதிரில் நிற்பான். வெற்றியும் தோல்வியும் விளக்கேற்றும் வேளை வரையில்தான். மறுநாள் மாலை மீண்டும் உத்தி. அணி என்பது நிலையான ஒன்றாக இல்லாதவரை கழகம் என்பதற்கும் தேவை எழவில்லை.

மற்றொன்று பாட்டு. பாடிப் போகிறவன் தன்னை இன்னாரின் பேரன் என்று கூறிக்கொள்வான். கையில் இல்லாத வெள்ளிக்கோலை இருப்பதாகச் சொல்வான். எதிரில் நிற்பவரை எள்ளி நகையாடுவான். பாட்டின் கடைச்சொல்லைத் திரும்பத் திரும்ப உருட்டி, மூச்சு உள்ளவரை அதனைக் கொண்டே ஆடுவான். ஆட்டம் இழந்தவனைச் 'செத்தவன்' என்பது வழக்கு. தன் பக்கத்தார் 'செத்து' விழுந்திருக்கும்போது பாடிப் போகிறவன் அவர்களுக்காகப் பழிவாங்கும் பாட்டைப் பாடுவதும் உண்டு. புறப்பொருள் வெண்பாமாலையில் வரும் நெடுமொழி வஞ்சி என்னும் துறையை அறிந்தவர்க்கு இவை புதியனவாகத் தோன்றா. அத்துறையே இப்பாட்டாக வந்தது என்று நான் வாதிடவில்லை. பகைவர் முன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைக்கும் வீரனின் மனம் இரண்டிடத்தும் ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இப்பாட்டுகளைத் தொகுக்கும் எண்ணத்தில் என் வகுப்பு மாணவியரிடம், வீட்டில் உள்ள முதியவர்களைக் கேட்டு எழுதி வருமாறு ஒருமுறை சொன்னேன். பெரும்பாலோர் தாத்தாவைக் கேட்டுவிட்டு, 'அவருக்கு மறந்துவிட்டதாம், அம்மா' என்று வெறுங்கையோடு வந்தனர். பாட்டைக் கொண்டுவந்தவர்கள் பாட்டியைக் கேட்டவர்கள். ஆடியவர்க்கு நினைவில் நின்றது யாரைப் பிடித்தோம் என்பது. வேலியோரம் நின்று பார்த்த சிறுமியர்க்கே பாட்டு நின்றது. இதனை வாய்மொழி இலக்கியம் தொகுப்போர் நினைவிற்கொள்வது நல்லது.

இவ்வாட்டத்தை வெறும் இனிமையாகச் சித்திரிப்பது உண்மைக்கு மாறாகும். சடுகுடு தொட்டு ஆடும் ஆட்டம். தொட வேண்டும், தொட்டவனைக் கட்டிப் பிடிக்க வேண்டும், மண்ணில் புரள வேண்டும். தொடுவதையே குற்றமாக்கி வைத்திருந்த சமுதாயத்தில் இவ்வாட்டம் ஊர் முழுமைக்கும் பொதுவாக இருந்திருக்க இயலுமா? ஊருக்கு ஒரு களம், சேரிக்கு ஒரு களம். உத்தி பிரித்துச் சமம் கண்டதெல்லாம் தெருவுக்குள்ளேயே. நேற்றைய நண்பன் இன்றைய எதிரி என்னும் அழகிய முறை ஊரையும் சேரியையும் பிரித்த எல்லையைக் கடக்கவில்லை. பின்னர்ப் போட்டிகள் வந்து, இவ்விரு களத்தாரும் ஒரே கோட்டின் இருபுறமும் நின்றபோது, பிடி சற்று இறுகினாலும் அது ஆட்டத்தோடு முடியாமல் போனதுண்டு. சடுகுடுவின் வரலாற்றை எழுதப் புகுவார் இதனைத் தவிர்த்துவிட்டு எழுதுதல் கூடாது.

அயர்லாந்தின் வழி

ஊர் ஆட்டத்தைக் கழகமாக்குதல் எவ்வாறு என்னும் வினா நமக்கு மட்டும் எழுந்ததன்று. நம்மை ஆண்ட அதே அரசின் கீழிருந்த அயர்லாந்து அதற்கு நமக்கு முன்பே ஒரு விடை கண்டது. அவ்விரு நாடுகளுக்கும் அந்நாளில் உறவும் இருந்தது. பின்னாளில் நம் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி 1913 முதல் 1916 வரை சட்டம் பயின்றது டப்ளின் நகரில். பாரதியார் குருவாகப் போற்றிய நிவேதிதையார் அயர்லாந்தில் பிறந்தவர். அரசியல் தொடர்பைப் பலர் எழுதியுள்ளனர். விளையாட்டுத் தொடர்பாக நாம் கற்கத்தக்கதை எழுதினார் அரியர்.

மைக்கேல் கியூசாக் என்பவர் கிளேர் மாவட்டத்துச் சிற்றூரில் 1847இல் பிறந்தவர். ஆங்கிலத்தின் நிழலில் தேய்ந்துகொண்டிருந்த ஐரிஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர், தொழிலால் ஆசிரியர். டப்ளினில் அரசுத் தேர்வுகளுக்கு மாணவரைப் பயிற்றும் பள்ளி நடத்தினார். இளமையில் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடியவர்தாம். பின்னர் மனம் மாறி, வளைகோலும் பந்தும் கொண்டு ஆடப்படும் ஹர்லிங் என்னும் ஐரிஷ் மக்களின் பழைய ஆட்டத்தை மீட்க முனைந்தார். 1883இல் அவர் டப்ளின் நகரில் தொடங்கிய மெட்ரோபாலிடன் ஹர்லிங் கழகம் பீனிக்ஸ் பூங்காவில் ஆடிப் பழகிற்று. நகரத்துக் கழகம் ஒன்றின் அச்சிறு முயற்சியே நாடளாவிய இயக்கத்துக்கு வித்தாயிற்று.

அடுத்து அவர் செய்ததே நமக்கு முதன்மையானது. 1884 அக்டோபரில் ஐரிஷ் விளையாட்டுகளின் நிலை குறித்து இதழ்களில் கட்டுரை எழுதினார். நவம்பர் 1ஆம் நாள் தர்ல்ஸ் என்னும் ஊரில் ஹேய்ஸ் விடுதியில் கூட்டம் நடந்தது. வந்தவர் ஏழெட்டுப் பேர். மாரிஸ் டேவின் தலைவரானார். கியூசாக் செயலர்களுள் ஒருவரானார். கெயிலிக் தடகளச் சங்கம் பிறந்தது. இரண்டாண்டுக்குள் நிருவாகக் குறையும் கடுஞ்சொல்லும் காரணமாகக் கியூசாக்கையே அவர்கள் செயலர் பதவியிலிருந்து நீக்கிவிட்டனர் என்பது வேறு செய்தி. சங்கம் தொடங்குவோர்க்கும் அதனை நடத்துவோர்க்கும் ஒத்துப்போவதில்லை என்பதைச் சங்கங்களில் இருந்து பார்த்தவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சங்கத்தின் அடிப்படை அலகு ஊர்க் கழகம். அயர்லாந்தில் பெரும்பாலும் ஒரு பங்குக்கு, அதாவது ஒரு கோயிலைச் சார்ந்த ஊர்த்தொகுதிக்கு, ஒரு கழகம். பிறந்த பங்கே ஒருவனுடைய கழகம். கழகங்கள் சேர்ந்து மாவட்டம். மாவட்டங்கள் மோதும் இறுதிப் போட்டி டப்ளினில். ஆடுவோர்க்கு ஊதியம் இல்லை. பல்லாயிரவர் திரளும் இறுதிப் போட்டியில் ஆடியவர் மறுநாள் வகுப்பறைக்கோ வயலுக்கோ திரும்புவார். நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்களும் ஆட்டத்தை விடவில்லை. 1885இல் டப்ளினில் தோன்றிய ஃபாஃப்ஸ் கழகத்துக்கு நீண்டகாலம் ஆள் தந்தவர்கள் நாட்டுப்புறத்திலிருந்து நகருக்கு வந்து தங்கியவர்களே. ஊரை விட்டு வந்தவர்க்குக் கழகமே ஊராயிற்று.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 1920 நவம்பர் 21ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலையில் ஐரிஷ் விடுதலைப் படையினர் டப்ளினில் ஆங்கில உளவாளிகள் பலரைக் கொன்றனர். பிற்பகலில் குரோக் பூங்காவில் டப்ளினுக்கும் டிப்பெரரிக்கும் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அங்கே புகுந்த அரசுப் படையினர் கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். பதினால்வர் மாண்டனர். அவர்களுள் டிப்பெரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் ஒருவர், சிறுவர் மூவர். ஜாலியன்வாலா பாக் நிகழ்ந்து பத்தொன்பது மாதங்களே கழிந்திருந்தன.

ஆயினும் அச்சங்கத்தின் போக்கு முழுவதையும் நான் போற்றுவதற்கில்லை. ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி, உலகக் கால்பந்து ஆகியவற்றை ஆடுவதும் பார்ப்பதும் கூட உறுப்பினர்க்கு விலக்கப்பட்டிருந்தது. ஐரிஷ் மொழிக்காக வாழ்நாளையே ஈந்த டக்ளஸ் ஹைடு நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தபோது ஒரு கால்பந்துப் போட்டியைக் காணச் சென்றார். அக்குற்றத்துக்காக 1938இல் அவரைப் புரவலர் நிலையிலிருந்து நீக்கினார்கள். 1971இல்தான் அவ்விதி ஒழிந்தது. தாய்மொழி இயக்கத்தின் தந்தையையே தாய்நாட்டு ஆட்டத்தின் பெயரால் விலக்கிய அச்செயல் நகைப்புக்கும் வருத்தத்துக்கும் ஒருங்கே உரியது.

நம் நாட்டின் வழி

இங்கே நாம் அப்படி எதையும் விலக்கவில்லை. சென்னையில் வெள்ளையர் கழகத்தில் இந்தியர்க்கு நேர்ந்த இழிவைப் பொறாத புச்சிபாபு நாயுடு, 1888இல் சென்னை ஐக்கியக் கழகம் கண்டு, அவர்களுடைய கிரிக்கெட்டிலேயே அவர்களை எதிர்கொள்ளத் துணிந்தார். அது ஒரு வழி. நம் ஆட்டத்தையே நிறுவுவது மற்றொரு வழி. இவ்வழியில் முந்திச் சென்றது மராட்டியம். அமராவதியில் 1914இல் வைத்திய சகோதரர்கள் தோற்றுவித்த அனுமான் வியாயாமப் பிரசாரக மண்டலி நாட்டு ஆட்டங்களையும் உடற்பயிற்சியையும் பயிற்றியது. பூனாவின் தக்காண ஜிம்கானா விதிகளை வகுக்க முயன்றது. 1923இல் பரோடாவில் அகில இந்தியப் போட்டி நடந்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதிக் குழுவினர் அங்கே சென்று நம் ஆட்டங்களைச் செய்து காட்டினர்.

நம் பக்கத்தில் இத்துறையில் விதை இட்டவர் ஓர் அமெரிக்கர். ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஐந்து மாணவரைக் கொண்டு உடற்பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று புகழப்படுவது அதுவே. சில ஆண்டுகளுக்குப்பின் அது சைதாப்பேட்டைக்குப் பெயர்ந்தது. சைதாப்பேட்டை அந்நாளில் நம் செங்கற்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம். 1968இல் காஞ்சிபுரத்துக்கு மாறும்வரை கலெக்டர் அலுவலகம் அங்கேதான் இருந்தது. ஆதலின் அக்கல்லூரியை நம் மாவட்டத்துச் செல்வமாக எண்ணிப் பெருமைப்பட நமக்கு உரிமை உண்டு. பக் பல்வகை ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். 1943இல் இங்கேயே பணியில் இருக்கும்போது மறைந்தார்.

அங்கே பயின்றவர்கள் ஜில்லா போர்டுப் பள்ளிகளுக்கு டிரில் மாஸ்டர்களாகச் சென்றனர். கழுத்தில் விசிலும் கையில் சுண்ணாம்புப் பொடியும் கொண்ட இவர்களைத் தமிழிலக்கியம் பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரமாகவே கண்டுள்ளது. அது முறையன்று. காலால் கீறிய கோடு அளந்த கோடானது இவர்களால். சாதியின்படி அமைந்த களங்களுக்கு அப்பால், எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் நிற்கும் முதல் வாய்ப்பைப் பள்ளிக்கூட மைதானமே தந்தது. வகுப்பறையில் தனித்து அமர்த்தப்பட்ட பிள்ளையும் பிடிக்க வேண்டிய நேரத்தில் மற்றவர் கையைக் கோத்தே ஆக வேண்டும். கை கோத்து நின்று வளைத்துப் பிடித்தலே சடுகுடுவின் தற்காப்பு முறை. விதி வேறு வழி விடவில்லை.

1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு அமைந்தது. ஆடவர்க்கான முதல் தேசியப் போட்டி 1952இல் நம் சென்னையிலேயே நடைபெற்றது. சடுகுடு என்று வழங்கிய நாட்டில், கபடி என்னும் பெயரில் அது நடந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு பெயர் இருக்கையில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆட்ட முறைகளுள்ளும் தேர்வு நடந்தது. செத்தவர் மீளாத காமினி முறையும், யாரும் வெளியேறாத அமர் முறையும் ஒதுக்கப்பட்டு, எதிரணியில் ஒருவர் வீழ்ந்தால் நம்மவர் ஒருவர் உயிர் பெற்று வரும் சஞ்சீவினி முறையே நிலைபெற்றது. ஊர்வழக்கின் 'சாவும் உயிர்ப்பும்' வடமொழிப் பெயர் பூண்டு விதிநூலில் ஏறிவிட்டன.

ஏறாமல் போனது பாட்டு. பல மொழியினரும் ஆடும் போட்டியில் நடுவர் எவ்வாறு எல்லாப் பாட்டையும் கேட்டறிவார்? ஆகவே 'கபடி' என்னும் ஒரு சொல்லைத் தெளிவாகவும் இடைவிடாமலும் சொன்னால் போதும் என விதி செய்தனர். பின்னர்ப் பாடிப் போகிறவர்க்கு முப்பது நொடி என்று கால எல்லையும் வகுத்தனர். மூச்சே கடிகாரமாக இருந்த ஆட்டத்தில் கடிகாரம் தனியே வந்துவிட்டது. நடுவருக்கும் பார்ப்போருக்கும் இது வசதி; இதனால்தான் இவ்வாட்டம் நாடு கடந்து செல்ல முடிந்தது என்பதும் மெய். எனினும் தமிழாசிரியை ஒருத்திக்கு இதனை எழுதும்போது கை சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. தன் பாட்டன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லிக்கொண்டு புகுந்த வாயில் இப்போது ஒரே ஒரு சொல் எஞ்சியுள்ளது.

பெருமைகள் பின்னர் வந்தன. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக இருந்தது, 1990இல் பெய்ஜிங்கில் பதக்கப் போட்டியாயிற்று. இந்திய ஆடவர் அது முதல் 2014 வரை தொடர்ந்து ஏழுமுறை தங்கம் வென்றனர். ராஜரத்தினம், பாஸ்கரன், மணத்தி கணேசன் எனத் தமிழ்நாட்டவர் அவ்வணிகளில் விளங்கினர். 2018இல் ஜகார்த்தாவில் ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் ஈரான் வென்றபோது நம்மவர் திகைத்தனர். எனக்கு அது தோல்வியாகத் தோன்றவில்லை. நாம் கற்பித்த ஆட்டத்தைப் பிறர் நன்கு கற்றார்கள், அவ்வளவே. 2023இல் ஹாங்சோவில் இந்தியர் இரு தங்கத்தையும் மீட்டனர். 2014இல் தொடங்கிய தொழில்முறைக் கபடிப் போட்டியில் 2017 முதல் தமிழ்நாட்டின் பெயரால் 'தமிழ்த் தலைவாஸ்' அணி ஆடி வருகிறது. அங்கே ஆட்டக்காரர் ஏலத்தில் எடுக்கப்படுவர். பிறந்த பங்கே கழகம் என்னும் ஐரிஷ் முறைக்கு நேர் எதிர் இது. ஏழைக் குடும்பத்து இளைஞனுக்கு அப்பணம் வாழ்வு தருகிறது என்பதால் இதனை நான் பழிக்க மாட்டேன்.

ஊர்க் கழகங்களும் எழுத்தும்

தேசிய வரலாறு இவ்வாறிருக்க, நம் ஊர்க் கழகங்களின் வரலாறு எங்கே? மதுராந்தகம் முதல் மாமல்லபுரக் கரை வரை, பொங்கலையொட்டி விளக்கு வெளிச்சத்தில் இரவெல்லாம் நடக்கும் போட்டிகளைப் பாருங்கள். விடுதலை வீரர், சமுதாயத் தலைவர், நடிகர், ஊர்த் தெய்வம் எனப் பல பெயர்களில் பனியன் அணிந்த அணிகள் வருகின்றன. அப்பெயர்களைப் படித்தாலே எவ்வணி எத்தெருவினது என ஊரார் அறிந்துகொள்வர். நடுவர் நாற்காலி, பரிசுக் கோப்பை, நன்கொடையாளர் பெயர் அச்சிட்ட துண்டறிக்கை, இவ்வளவும் உண்டு. விடிந்தால் துண்டறிக்கை குப்பைக்குப் போகிறது. தொடங்கியவர் யார், முதல் ஆட்டம் எங்கே, எவ்வாண்டு ஊரும் சேரியும் ஓரணியாக ஆடின, எவ்வாண்டு அது முறிந்தது என்பனவெல்லாம் சில முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்களுள் பலர் நம்மிடையே இருந்து மறைந்து வருகின்றனர்.

அயர்லாந்து இதற்கு ஒரு வழி கண்டது. 1935இல் அமைந்த ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளில் பயின்ற 50,000 மாணவரைக் கொண்டு அவரவர் ஊர்ச் செய்திகளைப் பெற்றோர், பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதச் செய்தது. கேட்கப்பட்டவற்றுள் ஊர் ஆட்டங்களும் ஒன்று. பதினொரு வயதுப் பிள்ளை தன் கையெழுத்தில் எழுதிய அக்குறிப்பேடுகளைத் தேசியச் செல்வமாகக் காத்து வருகின்றனர். பேராசிரியர் எவரும் கேட்டிருந்தால் பாட்டி சொல்லாமல் விட்டிருக்கக்கூடியதைப் பேத்தி கேட்டதால் சொல்லியிருக்கிறாள். என் மாணவியரிடம் நான் கண்டதும் இதையே.

அவர்களிடமிருந்து நாம் அப்படியே எடுத்துக்கொள்ள இயலாதது பங்கு முறை. ஒரு கோயில், ஒரு பங்கு, ஒரு கழகம் என்பது ஒரே கோயிலுக்குள் எல்லாரும் நுழைய முடிந்த ஊரில் அமையும். நம் ஊர்களில் ஒரு வரலாற்றை எழுதப் புகுந்தால் இரண்டாக எழுத வேண்டியிருக்கும். எழுதினால் என்ன? இரண்டையும் ஒரே ஏட்டில், அடுத்தடுத்த பக்கங்களில் எழுதலாம்.

பெண்கள் ஆட வந்தமை

அயர்லாந்தில் ஹர்லிங்கின் பெண்பால் வடிவமான கமோகி 1904இல் டப்ளினில் வடிவம் பெற்றது. ஐரிஷ் மொழி கற்பிக்கும் கெயிலிக் லீக் வகுப்புகளில் கூடிய பெண்களே அதனை ஆடத் தொடங்கினர். மொழி வகுப்பிலிருந்து ஆட்டக்களத்துக்குச் சென்றனர் என்பது தமிழ் கற்பிக்கும் என் போன்றோர்க்கு இனிய செய்தி. நம் நாட்டில் மகளிர்க்கான தேசியக் கபடிப் போட்டி 1955இல் கல்கத்தாவில் நடந்தது. ஆசிய விளையாட்டில் மகளிர் பிரிவு 2010இல்தான் சேர்ந்தது. சிறுமியர்க்குத் தட்டாங்கல்லும் பாண்டியாட்டமும், சிறுவர்க்குச் சடுகுடு என்று பிரித்திருந்த ஊர்களில், வேலியோரம் நின்ற பெண் கோட்டுக்குள் வர இவ்வளவு காலம் ஆயிற்று.

வந்தவர்களுள் ஒரு குழுவைக் குறிப்பிட்டாக வேண்டும். சென்னையின் தென்கோடியில், பழைய செங்கற்பட்டு மாவட்ட எல்லைக்குள் அடங்கிய ஒக்கியம் துரைப்பாக்கத்தில், நகரின் கரையோரங்களிலும் ஆற்றோரங்களிலும் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக 2000 முதல் எழுந்தது கண்ணகி நகர். பிறந்த இடம் பெயர்க்கப்பட்டவர்கள் குடியேறிய ஊர். வெளியார் அதன் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்த காலம் உண்டு. வேலைக்கு விண்ணப்பிப்போர் முகவரியை மறைத்து எழுதியதாகக் கூறுவர். அங்குள்ள சிறுமியர் கபடி பயின்றனர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணைத்தலைவி கார்த்திகா, கண்ணகி நகரைச் சேர்ந்தவர். தமிழ்நாடு அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் பரிசு வழங்கியது. நாளேடுகள் அவரைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே எழுதின. ஃபாஃப்ஸ் கழகத்தாரைப் போல, ஊரிழந்து வந்தவர்களின் மகள் ஆட்டத்தால் ஓர் ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன் வைத்துக்கொண்டாள். பாட்டன் பெயரும் ஊர்ப் பெயரும் சொல்லிக்கொண்டு கோட்டைக் கடந்த பழைய சடுகுடுப் பாட்டில் இருந்ததும் அதுதானே!